கடற்காற்றில் கனத்த பைகள்

மீசையின் ஒரு பக்கத்துக்கு டை அடித்து முடித்து, மறுபக்கத்துக்குப் பிரஷை எடுத்தபோதுதான் தொலைபேசி அடித்தது. சிவமலர் மிஸ் காலமாகிவிட்டாராம். கையில் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு அடம்பன் பஸ்ஸில் ஏறினேன். செத்தவீட்டில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தது என் துக்கத்தைக் கண்டுதான் என்று நெடுநேரம் நினைத்திருந்தேன். மிஸ் இருந்திருந்தால், பாதி கறுத்த மீசையைப் பார்த்து, ஆய்வுகூடப் பேச்சிலேயே "மாதிரி ஒரு சீராய் இல்லை, அந்தோனி" என்றிருப்பார்.

மன்னாரில் அவர் பொறுப்பாக இருந்த தீவன ஆய்வுகூடத்தில், பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் உதவியாளன். மாடு தின்னும் புல்லில் நார் எவ்வளவு என்று அளப்பது எங்கள் வேலை. நார் மிஞ்சினால் பால் குறையும். புல்லை அமிலத்திலும் காரத்திலும் அவித்து, துணியில் வடித்து, எஞ்சுவதைச் சுரண்டி நிறுப்பது பழைய முறை. சுரண்டும்போதே கொஞ்சம் போய்விடும். மிஸ் அதை மாற்றினார். சின்னத் துணிப்பைகளில் புல்லை அடைத்து, வாயை ஒட்டி, பையோடே அவித்து, பையோடே காயவைத்து நிறுத்தோம்.

ஆனாலும் ஒரே புல்லுக்குப் பைக்குப் பை வேறு கணக்கு வந்தது. பார்க்க வந்த மேலதிகாரி, கதவடியில் நின்ற என்னைக் காட்டினார்.

"இவரை வேலையால நிப்பாட்டுங்கோ மிஸ். படிச்ச ஆள் ஒருத்தரைத் தாறன்."

"ஆளில பிழை பிடிக்கிறது லேசு, ஐயா. முதல்ல செய்யிற விதத்தில பிடிச்சுப் பாப்பம்."

மறுநாள் என் வேலையை மிஸ்ஸே செய்தார். பள்ளிமுனையில் கருவாடு பரப்பும் வீட்டில் பிறந்தவன் நான். பைகளைச் சூட்டில் காயவைக்கும் போறணையிலிருந்து எடுத்து, அவற்றை மேசையில் அழகாக வரிசை கட்டிவிட்டுத்தான் நிறுப்பேன். அவரும் அப்படியே பரப்பினார். முதல் பை இலேசு, கடைசிப் பை பாரம். எல்லாவற்றையும் மறுபடி காயவைத்து, அடுத்த முறை கடைசியில் இருந்ததை முதலில் நிறுத்தார். இப்போது அதுதான் இலேசு.

"கண்டீங்களோ அந்தோனி? காத்துக் கிடக்கிற பை கடல்காத்தில ஈரம் குடிக்குது. நீங்கள் வடிவா அடுக்க அடுக்க, அது குடிக்குது."

"அப்ப வடிவில்லாமல் அடுக்கட்டோ, மிஸ்?"

"அடுக்கவே வேண்டாம்."

அதன்பின் பைகள் போறணையிலிருந்து நேரே, ஈரம் உறிஞ்சும் உப்புப் போட்ட மூடிய ஜாடிக்குள் போயின. ஒன்றை எடுத்து நிறுத்த பிறகுதான் அடுத்ததை வெளியே எடுப்போம். கணக்குகள் ஒத்துவந்தன. என்னை நீக்கும் பேச்சு பிறகு எழவில்லை. ஓய்வூதியம் வரை அங்கேயே இருந்தேன்.

அவரிடமிருந்து எனக்குத் தங்கிய பழக்கம் ஒன்று உண்டு. வீட்டில் சோறு குழைந்தாலும் சரி, மகன் சோதனையில் கோட்டை விட்டாலும் சரி, ஏசுவதற்கு முன் எப்படிச் செய்தது என்று கேட்பேன். "அப்பா ஆய்வு துவங்கீட்டார்" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

செத்தவீட்டில் மிஸ்ஸின் தம்பி என்னை அழைத்தார். "அக்காவோட கனகாலம் வேலை செய்தனீங்கள். ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ." எழுந்து, "நல்ல மனிசி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

வாய்க்குள் நின்றது இதுதான்: மிஸ், அண்டைக்கு நீங்கள் திருப்பி நிறுத்துப் பாத்திருக்காட்டி, என்ர மூண்டு பிள்ளையளும் பள்ளிக்கூடம் போயிருக்காதுகள்.