வெறும் வயிற்றில் வாய்க்கால் கரை

நான் ஓடினால் கோழி முட்டை போடாது என்று எங்கள் வீட்டில் முடிவு செய்தார்கள். வீட்டில் முடிவானதை ஊரும் நம்பியது. என்னைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். கேட்கிற வழக்கம்தான் இல்லையே.

பரமத்தி தாண்டி, ஜேடர்பாளையம் போகிற பக்கத்தில் எங்கள் கோழிப்பண்ணை. என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து நடத்துகிறார்கள். கணவரின் அண்ணனை எங்கள் பக்கம் மச்சாண்டார் என்போம். அவர் எதிரில் உட்காரக் கூடாது, முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாது என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். இத்தனை வருஷமும் அவருக்கும் எனக்கும் நடுவே பேச்சு என் கணவர் வழியாகத்தான் போய் வந்தது. கெட்ட மனிதர் இல்லை. கோழிகளைப் பற்றித் தெரிந்ததில் கால்வாசிகூட அவருக்கு மனுஷர்களைப் பற்றித் தெரியாது, அவ்வளவுதான்.

எனக்குச் சர்க்கரை என்று ரிப்போர்ட் வந்தபோது வயது நாற்பத்தெட்டு. திருச்செங்கோட்டில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கு, அதற்கு முந்தின வருஷம்தான், அதே சர்க்கரையில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். செருப்புக் கடி என்றுதான் முதலில் நினைத்தாள். எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷமானாலும் பந்தி விசாரிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள், ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்க மாட்டாள். ஆஸ்பத்திரியில் அவளுடைய போர்வை ஒரு பக்கம் மட்டும் தட்டையாகக் கிடந்ததைப் பார்த்த அன்று நான் அழவில்லை. என் ரிப்போர்ட் வந்த அன்றுதான் அழுதேன். பயத்தில் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அழுது முடித்ததும் கோபம் வந்தது. என் காலை நான் கொடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள்தான் அந்த வழியைச் சொன்னாள். ஒரு நாளில் பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போட வேண்டும், சாப்பாட்டை மீதி எட்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதோடு வாரத்தில் மூன்று நாள், அரை நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓடி, மூச்சு திரும்பும் வரை நடந்து, மறுபடி ஓட வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் சர்க்கரை இறங்கும் என்றாள். போனில் வருவதையெல்லாம் நம்பிச் செய்கிற ஆள் நான் இல்லை. நாமக்கல்லில் என்னைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். இதயத்தைச் சோதித்துவிட்டு, மாத்திரையைக் குறைத்து, அதைப் போடுகிற நேரத்தையும் மாற்றிக் கொடுத்தார். முதல் மாதம் நடை மட்டும்தான் என்றார். தலை சுற்றினால் விரதமாவது ஒன்றாவது, உடனே இனிப்பை வாயில் போடு என்று கண்டிப்பாகச் சொன்னார். அன்றிலிருந்து என் சுடிதார் பையில் நாலு மிட்டாய் கிடக்கும்.

ராத்திரி ஏழு மணிக்குள் சாப்பாடு முடிந்தால் மறுநாள் பதினோரு மணிக்குத்தான் அடுத்த வாய். இதில் நான் பட்ட கஷ்டத்தைவிடச் சொந்தக்காரர்கள் பட்ட கஷ்டம் அதிகம். புரட்டாசி சனிக்கிழமைதோறும் பெருமாளுக்கு ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்திருக்கிறேன். மகளுக்குப் பரீட்சை என்றால் பட்டினி, கணவருக்குக் கண்டம் என்று ஜோசியர் சொன்னால் பட்டினி. அப்போதெல்லாம் உன் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று ஒருத்தர் கேட்டதில்லை. மற்றவர்களுக்காகக் கிடந்தால் பக்தி, எனக்காகக் கிடந்தால் திமிர். விசேஷ வீட்டில் காலை டிபனுக்கு உட்காராமல் வந்தால், கை நனைக்காமல் போகிறாள், அவ்வளவு ஏத்தம் என்றார்கள். இத்தனைக்கும் ஒரு காலத்தில் எங்கள் தொழிலில், வயதான கோழிக்கு நாள் கணக்கில் தீனியை நிறுத்தி, இறகு உதிரவிட்டு, மறுபடி முட்டைக்குக் கொண்டுவருவார்கள். அதை முன்னால் நின்று செய்தவர்கள்தான் பட்டினி உடம்புக்கு ஆகாது என்று எனக்குப் புத்தி சொன்னார்கள்.

ஓடுவதற்கு இடம் வேண்டுமே. எங்கள் இரண்டு ஷெட்டுகளுக்கும் நடுவே தீவன வண்டி போகிற மண் பாதை ஒன்று நேராக இருக்கிறது. கோழி மிரளக் கூடாது என்பது எனக்கும் தெரியும். புதுக் கலர் சேலையோடு ஷெட் பக்கம் போனாலே கூண்டுக்குள் படபடக்கிற ஜாதி அது. அதனால் பண்ணை ஆட்கள் போடுகிற அதே காக்கிச் சட்டையைச் சுடிதாருக்கு மேல் மாட்டிக்கொண்டு ஓடினேன். முதல் நாள் மூன்றாவது ஓட்டத்திலேயே மஞ்சளாகப் பித்தம் வாந்தி வந்தது. வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சிரிப்பும் வந்தது. இந்த உடம்பு எல்லோருக்காகவும் ஓடியபோது ஒன்றும் சொல்லவில்லை, எனக்காக ஓடச் சொன்னால் வாந்தி எடுக்கிறது. வாயைக் கொப்பளித்துவிட்டு நாலாவது ஓட்டத்தை ஓடினேன்.

போகப் போகப் பழகியது. சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியது. அப்போதுதான் சித்திரை வெயில் வந்தது, முட்டை குறைந்தது. வெயிலில் முட்டை குறைவது வருஷா வருஷம் நடக்கிறதுதான். ஆனால் இந்த வருஷம் வெயிலைவிட வசதியான காரணம் ஒன்று காக்கிச் சட்டையில் ஓடிக்கொண்டிருந்தது. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். நான் மண்ணை மிதித்ததில் கோழி முட்டையை மறந்துவிட்ட கதையை எங்கள் வீட்டில்தான் சொன்னார்கள். மச்சாண்டார் என் கணவரிடம் சொன்னார், என் கணவர் சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

“கோழி மெரளுதாமா. கொஞ்ச நாளைக்கு நிறுத்திக்க அம்மிணி.”

“கோழிக்கு ஆவாதுன்னு நான் நிறுத்திக்கறேனுங்க. எனக்கு ஆவாதுன்னு இந்த ஊட்டுல இதுவரைக்கும் எதையாச்சும் நிறுத்தியிருக்கறீங்களா?”

அவர் டம்ளரில் மிச்சமிருந்த காபியை ஆற்ற ஆரம்பித்தார். யோசித்துப் பார்த்திருப்பார், ஒன்றும் கிடைத்திருக்காது.

பண்ணைக்குள் ஓடுவதைத்தான் நிறுத்துகிறேன் என்றேன். ஓடுவதையே நிறுத்துகிறேன் என்று சொல்லவில்லை. மறுநாள் காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஜேடர்பாளையம் பக்கம் வாய்க்கால் கரைக்குப் போனேன். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வெற்றிலைக் கொடிக்கால், நடுவே நேரான மண் பாதை. கோழி ஒன்றுகூட இல்லை.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. நான் ஓடுவது அடுத்தவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை. நடந்துபோனால் வாக்கிங் என்று யாருக்கும் புரியும். சீராக ஓடினால்கூட ஏதோ பயிற்சி என்று விட்டுவிடுவார்கள். நானோ தலைதெறிக்க ஓடுகிறேன், சட்டென்று நிற்கிறேன், முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்குகிறேன், நேரம் பார்க்கப் போனை எடுக்கிறேன், தண்ணீரைப் பார்க்கிறேன், மறுபடி தலைதெறிக்க ஓடுகிறேன். பழக்கத்தில் மாட்டிவந்த ஆம்பிளைக் காக்கிச் சட்டை, அவிழ்ந்த கொண்டை, கண்ணெல்லாம் வேர்வை. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த பெண்களுக்கு ஒரே அர்த்தம்தான் தோன்றியிருக்கிறது.

அவர்களில் வயதான அம்மா ஒருவர் கரைமேல் ஏறி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நல்ல பிடி. என்ன கஷ்டமானாலும் இது வழியில்லை, பெற்ற பிள்ளைகளை நினைத்துப் பார் என்றார். எனக்கு மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. அதை அழுகை என்று எடுத்துக்கொண்டார்கள். நாலு பேர் சேர்ந்து என்னை உட்கார வைத்தார்கள். தூக்குப்போசியிலிருந்து மோரை ஊற்றி, ஒரு வாய் குடி சாமி என்று நீட்டினார்கள்.

“பதினோரு மணி வரைக்கும் ஒண்ணும் வேண்டாமுங்க,” என்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினோரு மணிக்கு என்ன ஆகப்போகிறது என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். மோர்கூட வேண்டாம் என்கிறவள் முடிவே பண்ணிவிட்டாள் என்று இன்னொருத்தி சொன்னாள். மூச்சு திரும்பியதும் இது உடற்பயிற்சி என்று எவ்வளவோ சொன்னேன். வெறும் வயிற்றில் எவளாவது இப்படி ஓடுவாளா என்று கேட்டார்கள். அதற்குள் அந்த வழியாக வந்த பால்காரர் என்னை அடையாளம் கண்டு, என் கணவருக்குப் போன் போட்டுவிட்டார்.

கார் நிற்பதற்கு முன்பே என் கணவர் இறங்கினார். சட்டைப் பொத்தான் பாதி போட்டிருந்தார், முகம் வெளுத்துக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு பதறுவாரா என்று உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். காரை ஓட்டிய மச்சாண்டார் பின்னால் வந்து நின்றார். அந்த அம்மா என் கையை விடாமலே இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆயிரக்கணக்கில் கோழி வளர்த்து என்ன, வீட்டுப் பொம்பளையை வாய்க்காலுக்குத் துரத்தியிருக்கிறீர்களே என்றார். ஊர்ப் பஞ்சாயத்தில் நடுவே உட்கார்ந்து பேசுகிற மச்சாண்டார் தலையைக் குனிந்துகொண்டு நின்றதை அன்றுதான் பார்த்தேன். பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பி, பயப்படாமல் சொல், வீட்டில் என்ன செய்தார்கள் என்று கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறியிருக்கலாம். எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படித்தான் ஏறுவார்கள். நான் எழுந்து நின்று மச்சாண்டாரின் முகத்தை நேராகப் பார்த்தேன்.

“நான் ஓடினாக் கோழி மெரளுதுன்னு ஓட வேண்டாம்னுட்டாங்க. எங்கக்காளுக்குச் சர்க்கரையில கால் போயிருச்சு. எனக்குக் கால் வேணுமுங்க. அதான் இங்க வந்து ஓடறேன்.”

அந்த அம்மா என் கையை விட்டார். மச்சாண்டாரைப் பார்த்து, “கோழிக்காகவா?” என்று மட்டும் கேட்டார். சிரித்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

மச்சாண்டார் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார். பண்ணையிலேயே ஓடிக்கொள்ளலாம், கோழியை அவர் பார்த்துக்கொள்வார் என்றார். அவருக்கு அது சுலபமான வார்த்தை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கு ஓடலாம் என்று சொல்கிற வாய் அடுத்த சித்திரையில் வேண்டாம் என்றும் சொல்லும்.

“வேண்டாமுங்க. எனக்கு இந்தக் கரையே போதும். இன்னும் ரெண்டு ரவுண்டு பாக்கி இருக்குது. முடிச்சுட்டு வாரேன், நீங்க முன்னால போங்க.”

சொல்லிவிட்டு ஓடினேன். முதுகுக்குப் பின்னால் அத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள். என் ஆயுளில் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. வெட்கம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இரண்டாவது ரவுண்டு முடிந்து திரும்பியபோது மச்சாண்டார் போயிருந்தார். என் கணவர் மட்டும் ஸ்கூட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு ஊற்றிய மோரை அவர் குடித்து முடித்திருந்தார்.

நான் பண்ணைக்குள் ஓடாத அந்தக் கோடை முழுக்க முட்டை கூடவில்லை. மழை பெய்து ஷெட் குளிர்ந்த பிறகுதான் கூடியது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. சர்க்கரை என்னை விட்டுப் போய்விட்டது என்று கதைவிட மாட்டேன். மாத்திரை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. காலில் சின்னக் கீறல் என்றாலும் இன்றைக்கும் டார்ச் அடித்துத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

வாய்க்கால் கரையில் நடந்தது அன்று சாயங்காலத்துக்குள் எல்லாச் சொந்தத்துக்கும் போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. நான் குதித்துவிட்டதாகவும், தலைமுடியைப் பிடித்துத் தூக்கியதாகவும்கூட ஒரு பேச்சு. வரிசையாகப் போன் வந்தது. குடும்ப மானம் என்றார்கள், இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்றார்கள். எல்லோருக்கும் பதில் கொடுத்தேன், யாரையும் விடவில்லை. கடைசியில் அக்கா கூப்பிட்டாள். அவளுக்குத்தான் பயந்தேன். முன்பின் தெரியாதவர்கள் நடுவே அவள் காலைப் பற்றிச் சொல்லியிருந்தேன், அதைக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. ஓடினால் கால் வலிக்கிறதா என்றுதான் கேட்டாள்.

“வலிக்குதக்கா. ரெண்டு காலும் விண்ணு விண்ணுன்னு வலிக்குது.”

அவள் ஊன்றுகோலை எடுத்துச் சுவரில் சாய்க்கிற சத்தம் கேட்டது.

“எனக்கு இல்லாத காலே வலிக்குது அம்மிணி,” என்றாள். “உனக்கு இருக்கற கால்தானே, வலிச்சா வலிக்கட்டும். நாளைக்கும் போ.”