அவனுக்கு வைச்ச பைன்ட்

தம்பி, முதலே சொல்லிப் போட்டன், பேய் பிசாசு எண்டு கதைக்கிற ஆள் நானில்லை. நான் லண்டனில வீடு சூடாக்கிற பொயிலர் திருத்திறவன். வீட்டுக்குள்ள ராவில ஆரோ தட்டுற சத்தம் கேக்குது அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோ எண்டு எத்தினை சனம் எனக்கு போன் அடிச்சிருக்கு தெரியுமோ? போய்ப் பாத்தால் ரேடியேட்டருக்குள்ள காத்து. காத்தைத் திறந்து விட்டால் பேயும் போயிடும். குரோய்டனில ஒரு வீட்டில பேயைக் கலைக்கத் தேசிக்காய் எல்லாம் வெட்டிப் போட்டுத் தான் என்னைக் கூப்பிட்டவை, நான் சிரிச்ச சிரிப்பில அந்த வீட்டு மனிசி எனக்குத் தேத்தண்ணி கூடத் தரேல்லை. அப்பிடிப்பட்ட ஆள் நான். இப்ப சொல்லப் போறதை நீர் நம்பினால் நம்பும், விட்டால் விடும், ஆனால் இடையில மட்டும் சிரியாதையும்.

எனக்கு ஒரே ஒரு பெடியன், நிரோசன். நாங்கள் இருக்கிறது தோர்ண்டன் ஹீத்தில, அவன் பிறந்து வளர்ந்ததும் அங்க தான். படிச்சு, வேலையெடுத்து, நல்லாத் தான் இருந்தவன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் சிநேகிதப் பெடியளோட ஃபுட்போல் பாக்க பப்புக்குப் போனவன். வெளியில போய் ஒரு போன் கதைச்சிட்டு வாறன் எண்டு எழும்பினவன், ஜாக்கெட் கதிரையில கிடக்க, பாதி பியர் மேசையில கிடக்க, போனவன் தான். அவ்வளவு தான் தம்பி, அதுக்கு மேல சொல்ல ஒண்டுமில்லை. சண்டையில்லை, கடனில்லை, காதல் கீதல் எண்டும் ஒண்டும் ஆப்பிடேல்லை. பொலிஸ் தேடிச்சுது, நாங்களும் தேடினம், தெருத் தெருவா நோட்டீஸ் ஒட்டினம். ஆறேழு வருசமாச்சு. செத்திட்டான் எண்டால் விழுந்து கிடந்து அழலாம். எங்கையோ இருக்கிறான் எண்டால் நல்லாய்ப் பேசித் தீக்கலாம். எங்களுக்கு ரண்டுமில்லை.

மனிசி வசந்தி அவன் உயிரோட இருக்கிறான் எண்டே நிக்கிறா. அவவுக்கு முன்னால ஆரும் வேற விதமாக் கதைக்கேலாது. போன மார்கழியில அவவின்ர தமையன் ஈஸ்ட் ஹாமில இருந்து வந்தவர், எனக்கு மச்சான் முறை, நல்ல மனிசன், ஆனால் வாய்க்குப் பூட்டில்லை. சாப்பிட்டுக் கொண்டிருக்கேக்க, பெடியனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கோ, ஐயரிட்டைக் கதைக்கிறன், இல்லாட்டி அது அலைஞ்சு கொண்டு திரியும் எண்டு சொல்லிப் போட்டார். வசந்தி எழும்பி அவரின்ர சாப்பாட்டுக் கோப்பையைப் பறிச்சா பாரும்!

"என்ர பிள்ளை உயிரோட இருக்கேக்க செத்தவைக்குச் செய்யிற அந்தியேட்டியைச் செய்யச் சொல்லுறியோ அண்ணை? நீ ஒரு மாமனே? எழும்பு, வெளியில போ!"

பாதிச் சாப்பாட்டோட மனிசன் எழும்பிப் போனார். வாசலில சப்பாத்துப் போடேக்க தான் எனக்கு மெல்லமாச் சொன்னவர். ஐயர் வேண்டாம், ஒண்டும் வேண்டாம், அவனுக்கு விருப்பமானதை எங்கையாவது ஒரு இடத்தில வைச்சுக் கதவைச் சாத்திப் போட்டுப் பார் மச்சான், இல்லாத ஆளெண்டால் வந்து எடுக்கும் எண்டார். எங்கட ஆக்களின்ர எட்டுச்செலவு உமக்குத் தெரியும் தானே, செத்தவைக்கு விருப்பமான சாப்பாடு, சிலவேளை சாராயம் சிகரட்டும் வைச்சு, கதவைச் சாத்திப் போட்டு எல்லாரும் வெளியில வந்து நிப்பினமே. அதைத் தான் சொன்னவர். நான், உந்தப் பேய்க்கதையை ஈஸ்ட் ஹாமில போய்ச் சொல்லுங்கோ எண்டு அனுப்பிப் போட்டன்.

ஆனால் தம்பி, சனி பிடிச்ச கதை, மண்டைக்குள்ள பூந்திட்டுது. எனக்குள்ள நானே ஒரு கணக்குப் போட்டன். நான் இதொண்டையும் நம்பிறவனில்லை. அப்ப வைச்சுப் பாத்தால் என்ன? வைச்சது வைச்சபடி இருக்கும். இருந்தால் பெடியன் உயிரோட இருக்கிறான் எண்டு அர்த்தம் தானே! பாத்தீரே, நம்பாதவன் போட்ட கணக்கை. பிள்ளையைத் துலைச்சவனுக்கு மூளை அப்பிடித் தான் வேலை செய்யும்.

அவன் கடைசியா இருந்த அந்தப் பப்புக்கே போனன். ஒரு கிழமை நாள், பின்னேரம் நாலு மணியிருக்கும், பனிக்காலம் எண்டபடியால் வெளியில நல்ல இருட்டு. அது விக்டோரியா மகாராணி காலத்துப் பப், தெருமூலையில இருக்கு, வெளிச்சுவரெல்லாம் மண்ணிற ஓடு பதிச்சு, உள்ளுக்கு கறுத்த மரமும் பூப்போட்ட பித்தளையும். அதுக்குள்ள ஒரு விசேசம், கவுன்ரரைச் சுத்தி மரத்தாலையும் மங்கல் கண்ணாடியாலையும் மறிச்சு சின்னச் சின்ன அறையாய்ப் பிரிச்சிருக்கு. அந்தக் காலத்துப் பெரிய மனிசர் தாங்கள் குடிக்கிறதை மற்றவை பாக்கக் கூடாதெண்டு அப்பிடிச் செய்ததாம். ஒரு அறைக்குள்ளால தான் மற்ற அறைக்குப் போகலாம், இடையில இடுப்பளவு உயரத்தில ஒரு கதவு, நல்லாக் குனிஞ்சு தான் பூரவேணும். கடைசி அறையில தான் நிரோசன்ர ஆக்கள் வழக்கமா இருக்கிறது.

பப்பில ஷீலா எண்டு ஒரு வெள்ளைக்கார மனிசி, அறுபது வயசிருக்கும், அவன் போன அண்டைக்கும் அவ தான் வேலையில நிண்டவ. என்னை நல்லாத் தெரியும். ரண்டு பைன்ட் பியரும் ஒரு உருளைக்கிழங்குக் கிறிஸ்ப்ஸ் பைக்கற்றும் கேட்டன். ஆரும் வருகினமோ எண்டு கேட்டா. எனக்கு வாயில என்ன வந்ததோ தெரியாது, ஓம், மகன் வாறான் எண்டு சொல்லிப் போட்டன். மனிசி பியர் ஊத்தின கையை அப்பிடியே நிப்பாட்டி என்னைப் பாத்தா. பிறகு மிச்சத்தை ஊத்தி, என்ர கையில ஒருக்காத் தட்டிப் போட்டு அங்கால போயிட்டா. பாவம், எனக்கு விசரெண்டு நினைச்சிருப்பா.

கடைசி அறையில ஆருமில்லை. ஒரு பைன்டையும் கிறிஸ்ப்ஸையும் அந்த மேசையில வைச்சன். பைக்கற்றை உடைக்கேல்லை, அது எனக்கு நல்ல ஞாபகம், உம்மாணை. குனிஞ்சு வெளியில வந்து கதவைச் சாத்தி, இங்கால அறையில முதுகை அந்தக் கதவுப் பக்கம் வைச்சு இருந்தன். என்னைத் தாண்டி ஆரும் உள்ளுக்குப் போகேலாது. கவுன்ரர்ப் பக்கம் இருக்கிற சின்னக் கண்ணாடி யன்னலும் அந்த அறையில ஆணி அடிச்சுக் கிடக்கு. நான் மெக்கானிக், உதெல்லாம் பாக்காமல் இருப்பனே?

என்ர பியரில வாய் வைக்க மனம் வரேல்லை. உலகத்தில எல்லாத் தேப்பனும் மகனைப் பாத்துக் குடியாதை குடியாதை எண்டு தான் சொல்லுவான். நானும் அதைத் தான் சொன்னன். குடியாதை ராசா. தொடாதை ராசா. தொட்டிடாதை அப்பு. கண்ணை மூடிக்கொண்டு அதை மட்டும் தான் சொல்லிக்கொண்டிருந்தன்.

அப்ப முதுகுக்குப் பின்னால சர்ரெண்டு ஒரு சத்தம். பைக்கற்றுக் கிழியிற சத்தம். திரும்பிப் பாத்தால் மங்கல் கண்ணாடிக்கு அங்கால வெளிச்சம் கொஞ்சம் குறைஞ்சு கிடந்து, பிறகு பழையபடி வந்தது. பல்ப்பில பிழையாயிருக்கும் எண்டு தான் அப்பவும் நினைச்சன்.

கொஞ்சம் பொறுத்துக் குனிஞ்சு உள்ளுக்குப் போனன். போனால், பைன்ட் அப்பிடியே இருக்கு! வாய் விளிம்பு மட்டும் நிறைஞ்சு, மேல நுரை கூடக் குறையேல்லை. ஐயோ, எனக்கு வந்த சந்தோசத்தை எப்பிடிச் சொல்ல! இவ்வளவு காலமும் அழாதவன், அந்த இருட்டுப் பெட்டிக்குள்ள மேசையைப் பிடிச்சுக்கொண்டு விக்கி விக்கி அழுதன். இருக்கிறான், என்ர பிள்ளை இருக்கிறான் எண்டு.

பிறகு தான் கிறிஸ்ப்ஸைப் பாத்தன். பைக்கற்றை ஒரு பக்கமா நீளத்துக்குக் கிழிச்சு, தட்டம் மாதிரி மேசையில விரிச்சுக் கிடந்தது. இஞ்ச பப்பில பெடியள் அப்பிடித் தான் செய்வினம், எல்லாரும் கை போட்டு எடுக்கலாம் எண்டு. நிரோசன் வீட்டில மிக்சர் பைக்கற்றையும் அப்பிடித் தான் கிழிப்பான், கதிரையெல்லாம் கொட்டுண்டு தாயிட்டைப் பேச்சு வாங்குவான். ஆனால் ஒரு துண்டும் குறைஞ்ச மாதிரித் தெரியேல்லை. ஒண்டை எடுத்து வாயில போட்டன். உப்பில்லை, உருசையில்லை, வாசமில்லை. காகிதத்தைச் சப்பின மாதிரி. அந்தப் பியரை எடுத்து ஒரு வாய் குடிச்சன். நுரை நுரையாத் தான் இருக்கு, நிறம் நிறமாத் தான் இருக்கு. வெறும் தண்ணி தம்பி. பச்சைத் தண்ணி.

செத்தவை சாப்பாட்டைச் சாப்பிடுறேல்லை, அதின்ர உருசையை மட்டும் தான் எடுத்துக்கொண்டு போவினம் எண்டு சொல்லுவினமே, எத்தினையோ செத்த வீட்டில காதில விழுந்த கதை. அது அந்த நேரத்தில தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்தப் பியரை ஷீலாவிட்டைக் கொண்டு போய்க் குடுத்தன். ஒரு சொட்டு நாக்கில வைச்சுப் பாத்தா, மனிசியின்ர முகம் மாறிட்டுது. பீப்பாயில பிழையாயிருக்கும் எண்டு சொல்லி, அதே குழாயில இன்னொண்டு ஊத்தித் தந்தா. அது நல்ல கசப்பு. நான் வாங்கி வைச்ச மற்றதும் நல்ல கசப்பு. அந்த அறைக்கு நீ போனனியோ எண்டு கேட்டன். இல்லை எண்டு தலையாட்டினா. பிறகு, வீட்டை போ, மனிசியோட இரு எண்டு மட்டும் சொன்னா.

பஸ்ஸில வரேக்க முடிவெடுத்திட்டன், வசந்திக்குச் சொல்லுறேல்லை எண்டு. அந்த மனிசி உயிரைப் பிடிச்சு வைச்சிருக்கிறதே அந்த ஒரு நம்பிக்கையில. அதைப் பிடுங்க நான் ஆர்?

கதவைத் திறந்தால் வசந்தி சிரிச்சுக்கொண்டு நிக்கிறா. அவ சிரிச்சு நான் கண்டு எத்தினை வருசம்! மத்தியானம் கண்ணயர்ந்தவவாம், நாலு மணிக்கு மேல தான் முழிச்சவவாம்.

"இஞ்சாருங்கோ, நிரோசன் வந்தவன்! கனவெண்டு சொல்லாதையுங்கோ, பிள்ளையைக் கிட்டத்தில கண்டனான். நல்லாச் சாப்பிட்டிட்டன் அம்மா எண்டவன். வாயெல்லாம் உப்பு, தண்ணி தாங்கோ எண்டு கேட்டவன். நான் எழும்பி எடுக்கிறதுக்கிடையில கண் முழிச்சுப் போட்டன். அவன் எங்கையோ நல்லாச் சாப்பிட்டுக் குடிச்சுத் தான் இருக்கிறான், நீங்கள் பாருங்கோ!"

நான் சப்பாத்தைக் கழட்டிக்கொண்டு, ஓம் எண்டன். அடுத்த வெள்ளி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், அவன்ர பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்விச்சவ, தீர்க்காயுசாய் இருக்க வேணுமெண்டு. ஐயர் பேரைக் கேக்க நான் தான் சொல்ல வேண்டி வந்தது. விளங்கேல்லை எண்டு ஐயர் மூண்டு தரம் கேட்டவர். மச்சானும் போன் எடுத்து, வைச்சுப் பாத்தனியோ எண்டு கேட்டவர். இல்லை எண்டன்.

இப்ப ஒவ்வொரு நாளும் படுக்கப் போக முந்தி வசந்தி அவன்ர கட்டில் தலைமாட்டில ஒரு தம்ளர் நிறையத் தண்ணி வைக்கிறா. பிள்ளை கேட்டுக் குடுக்கேலாமல் போச்சே எண்டு. நான் வேலைக்கு வெள்ளண எழும்பிறனான், அவ எழும்ப முந்தி அதை எடுத்து சிங்கில ஊத்திப் போடுவன். அவ பாக்கக் கூடாது. நானும் பாக்கிறேல்லை, லைட்டும் போடுறேல்லை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தான் தூக்கிறன். ஆனால் தம்பி, நிறைய வைச்ச தம்ளர் பாரம் குறைஞ்சு கிடந்தால் கைக்குத் தெரியும் தானே.