டேப்பின் மறுமுனையில் சுயம்புலிங்கம்

சோழபுரம் சமுத்திரமும் நானும் ஒரே வாரத்தில் ராஜபாளையத்து நூல் மில்லில் பதிலியாகச் சேர்ந்தோம். பதிலி என்றால் தினமும் காலையில் மில் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே யாராவது வேலைக்கு வராவிட்டால் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். எங்களோடு நின்ற மூன்றாவது ஆள் சுயம்புலிங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரன். ஒரே ஒரு ஆள் போதும் என்று உள்ளேயிருந்து குரல் வரும் நாட்களில் சமுத்திரம் பின்னால் நகர்ந்துகொள்வான். "நீ போலே. உனக்குப் பிள்ளைக இருக்கு" என்று சுயம்புலிங்கத்தைத் தள்ளிவிடுவான். இதை நான் நாலைந்து முறை பார்த்திருக்கிறேன்.

சமுத்திரத்துக்குப் பஞ்சுப் பேல் தூக்கித் தூக்கி உரமேறிய தோள். மில்லில் ஒரு பொங்கலுக்கு நடந்த விளையாட்டு விழாவில் முதல் தடவையாக வட்டு எறிந்தான். அது சுண்ணாம்புக் கோடுகளையெல்லாம் தாண்டி, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களின் சைக்கிள்களுக்கு நடுவே போய் விழுந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம், வேலை முடிந்ததும் குடோனுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் தினமும் எறிந்தான். துணைக்குச் சுயம்புலிங்கமும் எறிவான். எப்போதும் சமுத்திரத்தை விட மூன்று நான்கு மீட்டர் குறைவாகத்தான் அவனுடையது விழும்.

1987இல் எங்கள் வட்டாரத்து மில்களுக்கெல்லாம் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூரில் போட்டி என்று அறிவித்தார்கள். வட்டெறிதலில் எங்கள் மில்லுக்காக முதலிடம் வாங்கி வருகிற பதிலித் தொழிலாளியை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார். சமுத்திரம், சுயம்புலிங்கம் இருவர் பெயரும் போயிற்று.

மில்லில் இரண்டு வட்டுகள் இருந்தன. ஒன்று பழைய மர வட்டு. கனம் நடுவில் இருக்கும். எறிகிறவன் சொன்ன பேச்சைக் கேட்டு நேராகப் போகும். இன்னொன்று மதுரையிலிருந்து புதிதாக வாங்கியது. அதில் கனம் முழுவதும் வெளிவிளிம்பின் இரும்பில். நல்ல சுழற்சி கொடுத்தால் மர வட்டை விட வெகுதூரம் போகும். சுழற்சி கொஞ்சம் குறைந்தாலும் காற்றில் நடுங்கி வலது பக்கமாகச் சரியும். சமுத்திரத்துக்கு அது பிடிபடவில்லை.

"மரமே போதும்லே. இது நம்ம கைக்கு அடங்க மாட்டேங்குது" என்றான்.

"அடங்காட்டாலும் தூரம் போகுதுல்ல? அளந்து பார்த்திருவோம்" என்றான் சுயம்புலிங்கம்.

அதன் பிறகு ஒரு மாதம் சமுத்திரம் எறிவான், சுயம்புலிங்கம் வட்டு விழும் பக்கம் நிற்பான். அளக்கிற டேப்பின் ஒரு முனையை, நின்று எறிகிற வட்டத்தின் விளிம்பில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். மறுமுனையை அவன் இழுத்துப் போய், விழுந்த இடத்தில் வைத்து எண்ணைக் கத்துவான். மர வட்டுக்கு, "முப்பத்து மூணு!" இரும்பு வட்டுக்கு, "முப்பத்தாறு! ஏலே, முப்பத்தாறுலே!" எறிகிற இடத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அந்தத் தொலைவில் இரண்டு மூன்று மீட்டர் வித்தியாசம் தெரியாது. சமுத்திரம் மர வட்டை ஒதுக்கிவிட்டு, இரும்பு வட்டோடு மல்லுக்கட்டினான்.

போட்டியன்று அவனுடைய முதல் எறி வலது கோட்டுக்கு வெளியே போயிற்று. இரண்டாவதும் அப்படியே. பயந்துபோய் மூன்றாவதை மெதுவாக எறிந்தான், முப்பதைத் தொடவில்லை. அடுத்து வந்த சுயம்புலிங்கம் தன் பையிலிருந்து மர வட்டை எடுத்தான்.

"நீ வேண்டாம்னுட்டல்ல, அதான் எடுத்தாந்தேன்" என்றான்.

"எறி, எறி. நமக்குள்ள என்ன" என்று சமுத்திரம்தான் தட்டிக்கொடுத்தான்.

நடுவர்கள் அளந்து முப்பத்து மூன்று மீட்டர் நாற்பது என்று அறிவித்தார்கள். முதலிடம். திரும்பி வரும் பஸ்ஸில் சமுத்திரம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து விரல்விட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது என் கையைப் பிடித்தான்.

"அதே மர வட்டுல அவன் எப்பவும் எனக்கு நாலு மீட்டர் கொறச்சலு. அவனே முப்பத்து மூணு எறிஞ்சான்னா, நான் எம்புட்டு எறிஞ்சிருப்பேன்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வட்டுகளையும் டேப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டு சோழபுரத்துக்குப் போனான். கண்மாய் வற்றிக் கிடந்தது. அவன் மனைவி கருத்தம்மாளுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். மறுமுனையில் அவளை நிறுத்தி எறிந்தான்.

"மூணும் ஏழும் போட்டிருக்குங்க!" என்று கத்தினாள்.

இரும்பு வட்டுக்கு, "மூணும் நாலும்!" என்றாள்.

இரண்டையும் பத்துப் பத்துத் தடவை எறிந்தான். ஒவ்வொரு முறையும் தானே ஓடிப்போய் எண்ணைப் பார்த்தான். கடைசியில் கண்மாய் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான் என்று கருத்தம்மாள் பின்னால் என்னிடம் சொன்னாள்.

மறுநாள் காலை சைக்கிள் ஸ்டாண்டில் சுயம்புலிங்கத்தை மறித்தான். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஏலே, மர வட்டு முப்பத்தேழு போயிருக்கு. நீ ஏன் முப்பத்து மூணுன்ன?"

சுயம்புலிங்கம் பூட்டிய சைக்கிளைத் திறந்து மறுபடியும் பூட்டினான். "ரெண்டு பிள்ளைகளை வச்சுக்கிட்டு நான் எத்தனை நாளைக்குக் கேட்டுல நிக்க? உனக்கென்ன, நீயும் அவளுந்தான."

சமுத்திரத்துக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளை இல்லை. அடிக்கப் போகிறான் என்று நான் கையை நீட்டித் தடுக்கப் போனேன். அவன் அசையவில்லை.

"நீ கேட்டிருந்தாலும் இதை நான் விட்டுக்குடுத்திருக்க மாட்டேன். நேரா எறிஞ்சிருந்தா நீ தோத்திருப்ப, அம்புட்டுத்தான். அதுக்கு ஒரு மாசமா அங்க நின்னு பொய் பொய்யாக் கத்துனியேலே. நான் ஒவ்வொரு தடவையும் சந்தோசப்பட்டேனே."

மேனேஜரிடம் சொல்லச் சொன்னேன். போகவில்லை. "பயிற்சில அளந்ததுக்கு யார் சாட்சி? நானும் அவனுந்தான்" என்றான்.

வட்டை அத்தோடு விட்டுவிட்டான். யார் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ளும் பழக்கமும் போயிற்று. நாளைக்கு உனக்கு ராத்திரி ஷிப்ட் என்று நான் சொன்னால்கூட, நோட்டீஸ் போர்டு வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்புவான். முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு பழகிக்கொண்டேன். மூன்று வருஷம் கழித்து வரிசைப்படி அவனையும் நிரந்தரமாக்கினார்கள். சுயம்புலிங்கமும் அவனும் ஒரே ஷிப்டில், இரண்டு மெஷின் தள்ளி நின்று வேலை பார்த்தார்கள். பேச்சே கிடையாது.

1996இல் சுயம்புலிங்கம் மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்தான். பத்திரிகையை எடுத்துக்கொண்டு சமுத்திரத்தின் மெஷினுக்கே வந்தான்.

"குடும்பத்தோட வரணும்" என்றான்.

சமுத்திரம் பத்திரிகையை வாங்கிப் பிரித்து, பெண்ணின் பெயரைப் படித்தான். "பிள்ளை நல்லா இருக்கட்டும்" என்றான். "நான் வரலை. வழிய விடு, நூல் அறுந்து கெடக்கு."

கல்யாணத்தன்று எனக்கு ஷிப்ட் இருந்தது, லீவு கிடைக்கவில்லை. சமுத்திரம்தான் என் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்து, என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பி வைத்தான்.