தொட்டுப் பார்க்க ஒரு சுவர்

திண்டிவனத்துக்கு அருகே நான் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரியில், பன்னிரண்டு தொடுதிரைகளைச் சேர்த்து ஒரே சுவராக நிறுத்திய அன்று, எங்கள் துறைத் தலைவி அதன்முன் மூக்கு இடிக்கும் அளவுக்குப் போய் நின்றார். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். மேடம் என்றுதான் கூப்பிடுவோம். "இவ்ளோ கிட்ட வந்தும் கலங்காம தெரியுது பாருங்க. பத்து பேர் ஒண்ணா கை வெச்சு வேலை செய்யற மாதிரி ஏதாவது கொண்டாங்க" என்றார்.

கொண்டுபோனோம். சுழலும் கோள்கள், கோயில் சிற்பங்கள், நான் மூன்று மாதம் மாரடித்துச் செய்த மனித உடல் என்று திரையில் ஓடவிட்ட எல்லாவற்றையும் தள்ளினார். "அழகாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தர் தொட்டா மத்தவங்க வேடிக்கைதானே பாக்கணும்?" எரிச்சலோடு திரும்புவேன். தாளாளர் வேறு, விருந்தினர் வரும்போதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டுச் சுவரில் வரவேற்பு வாசகம் போடச் சொல்வார்.

கடைசியில் மேடமே வழி கண்டுபிடித்தார். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் கழனிகளை டிரோன் வைத்துப் படமெடுத்து, சுவர் முழுக்க விரித்து, அந்த ஊர் விவசாயிகளையே வரவழைத்தார். முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டி நின்றார்கள். பிறகு ஒருவர் தன் கரும்புத் தோட்டத்தைக் கண்டுபிடித்தார். அவ்வளவுதான், ஆளாளுக்குச் சுவரில் கோடு போட ஆரம்பித்துவிட்டார்கள். "இங்கதான்யா வாய்க்கால் தூந்துக்கினு கெடக்குது. என் மடையை நான் அடைக்கலன்னு எத்தினி வருசமா சொல்லிக்கினு இருக்கறேன்" என்றார் ஒரு பெரியவர். தண்ணீர் வராததற்கு அவரைக் குற்றம் சொல்லிப் பேச்சை நிறுத்தியிருந்த பங்காளி பக்கத்தில் வந்து, அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஆமா, தூந்துதான் போயிருக்குது" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தாளாளர் விருந்தினரோடு உள்ளே வந்தார். படத்தை எடுக்கச் சொன்னார். "இவங்க முடிக்கட்டும் சார்" என்றார் மேடம். தாளாளர் இரண்டாம் முறை சொன்னபோதும் அதே பதில்தான்.

வாய்க்காலை ஊரே சேர்ந்து தூர்வாரியது. மேடம் வேலையை விட்டுப் போக நேர்ந்தது. சுவரை வரவேற்பறைக்கு மாற்றினார்கள். ரேகை விழுகிறது என்று தொடு வசதியையும் கழற்றிவிட்டார்கள். வருகிறவர்களின் பெயரை அதில் போடுவதுதான் இப்போது என் வேலை.

போன வாரம் மேடம் வேறொரு கல்லூரியிலிருந்து வெளித் தேர்வாளராகச் செய்முறைத் தேர்வு நடத்த வந்திருந்தார். அவசரத்தில் நான் போட்ட வரவேற்பைப் பழையபடி கிட்டப் போய் நின்று படித்தார்.

"என் பேர்ல ஒரு துணைக்கால் விட்டுப்போச்சே" என்று விரலை நீட்டிச் சேர்க்கப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தேர்வு அறை எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார்.