பேராயருக்கு அகப்படாத வினைச்சொல்

பேராயர் எட்வின் விட்கம் ஓய்வு பெற்றதும், வளைகுடா நாட்டு ருவைஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பொறியாளராக இருக்கும் மகளோடு வந்து தங்கிவிட்டார். இங்கிலாந்தில் பிறந்தவர். இளம் குருவாக யாழ்ப்பாணம் போய், தமிழ் தலைக்கேறி, பாதி ஆயுசை அங்கேயே கழித்தார். பிறகு சொந்த நாட்டுக்கு அழைத்துப் பேராயருக்குரிய கோலும் மோதிரமும் கொடுத்தார்கள். அவரோ பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டு, யாழ்ப்பாணத்து வினைச்சொற்களைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள் எழுதினார். அவற்றை அச்சுக்கோத்தவர்களாவது படித்திருப்பார்கள் என்று நம்புவோம்.

ருவைஸில் அவருக்குத் தமிழ் பேச வாய்த்த இடம் ஒன்றே ஒன்று: சென்னைக்காரர் சேதுமாதவன் வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் பிள்ளைகளின் தமிழ் வகுப்பு. ஆலை அலுவலகத்து யாழ்ப்பாணத்துக்காரர் யோகநாதன்தான் கூட்டிக்கொண்டு போய் விட்டார். மகளும் மருமகனும் ஆங்கிலம், டிரைவர் இந்தி. வாரம் முழுக்க அவர் நாக்கு சனிக்கிழமைக்காகக் காத்துக் கிடக்கும்.

அந்தச் சனிக்கிழமை, சேதுமாதவனின் மகள் அனன்யா திங்களன்று பள்ளிப் போட்டியில் பேசவேண்டியதை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். பேராயர் நெற்றியைச் சுருக்கினார்.

"இவ்வளவு கெதியாய்ச் சொன்னால் விளங்காது, பிள்ளை."

காபித் தட்டோடு வந்த அம்மா ஜலஜா அப்படியே நின்றுவிட்டாள். சென்னையில் 'வெளங்காது' என்றால் உருப்படாது. அதையும் சொன்னது யார்? ஆசீர்வதிப்பதையே தொழிலாகக் கொண்டவர்!

"பிஷப் வாயாலேயே வெளங்காதுன்னுட்டாரே!"

யோகநாதன் பதறிப் பாய்ந்தார். "ஐயோ அக்கா, எங்கட பக்கம் அது புரியாது எண்டதுதான். உங்களுக்கு விளங்கேல்லையோ?"

"ஓகோ, இப்ப நானும் வெளங்கலையா?"

"விடு ஜலஜா, கெஸ்ட்டு" என்றார் சேதுமாதவன்.

பேராயருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்த வினைச்சொல்லுக்கு மட்டுமே ஓர் அத்தியாயம் எழுதியவர். குழந்தை அழப்போகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. அவள் தலையில் கைவைத்து மனமார ஆசீர்வதித்தார்:

"பயப்பிடாதை. திங்கக்கிழமை எல்லாருக்கும் நல்லா விளங்கும்."

"நல்ல்ல்லா வெளங்கும்!" என்று ஜலஜா உள்ளே போனாள்.

திங்களன்று அனன்யாவுக்குப் பாதியில் பேச்சு மறந்துபோயிற்று. அதற்குள் யோகநாதன் பேராயருக்கு விஷயத்தை விளக்கியிருந்தார். மன்னிப்புக் கேட்கப் போனை எடுத்தவர், வாய்க்கு வந்த ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் சந்தேகத்தோடு பார்த்தார். 'மன்னிக்க வேணும்' என்பதற்குச் சென்னையில் என்ன அர்த்தமோ? கடைசியில் ஆங்கிலத்தில் பேசினார்.

ஜலஜா உருகிவிட்டாள்.

"அச்சோ, நோ ப்ராப்ளம் பிஷப்! உங்க இங்கிலீஷ் கேக்கவே எவ்வளவு நல்லா இருக்கு! தமிழ் கிளாஸை நிறுத்திட்டோம். அந்த நேரத்துல குழந்தைங்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தர்றீங்களா? ப்ளீஸ்!"

பேராயர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

"யெஸ்... ஆஃப் கோர்ஸ்" என்றார்.