குறுக்கே நின்ற அம்புகள்

அலுவலகத்தில் அவளுக்கு அம்புக்காரி என்று பெயர். கண்டத்தின் பாறை எந்தத் திசையில் நெருக்கப்படுகிறது என்று வரைபடத்தில் அம்பு போடுவது அவள் வேலை. பூமிக்குள் ஆழமாகத் துளை போட்டால், நெருக்கம் தாங்காமல் சுவர் இரண்டு பக்கம் உதிரும். வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடும். முட்டை நீளும் திசைக்குக் குறுக்கேதான் நெருக்கம். அதனால் அளந்து வரும் திசையைக் கால் சுற்று திருப்பித்தான் அம்பு போட வேண்டும். துளைக்குள் கருவியை இறக்கி அளந்து அனுப்புகிறவர் வேறு யாருமில்லை, அவள் கணவர்தான்.

அன்று காலை தலைவர் அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

"மேற்குப் பக்கம் உன் அம்பெல்லாம் குறுக்க நிக்குதேம்மா! சுத்தி இருக்கிற நாட்டு அம்பெல்லாம் ஒரே திசையில போகுது. சாயங்காலம் அச்சுக்குப் போகணும். சரியாகலேன்னா அந்த இடத்த வெள்ளையா விட்டுடுவேன்."

வருஷக்கணக்கில் உழைத்தது வெள்ளையா? கோப்புகளை இழுத்துப் போட்டுப் பார்த்தாள். கிழக்கில் ஒரு குறையும் இல்லை. மேற்கில் முதல் துளையிலிருந்தே கோளாறு. கிழக்கு, கல்யாணத்துக்கு முன்னால் அளந்தது. மேற்கு, பின்னால். அவளுக்குச் சுருக்கென்றது. போனை எடுத்தாள்.

"ஏங்க, நீங்க அனுப்புறது முட்டையோட நீளந்தானே?"

"இல்லையே, நெருக்கத்தோட திசை. நீ ஒவ்வொண்ணா திருப்பிக் கஷ்டப்படுறியேன்னு, கல்யாணம் ஆனதிலேர்ந்து நானே திருப்பி அனுப்புறேன்."

"அத வாயத் திறந்து சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"சொல்லிக் காட்டிட்டு செஞ்சா நல்லாவா இருக்கும்?"

சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. அவர் திருப்பியதை இவளும் திருப்பியிருக்கிறாள்! அரைச் சுற்று சுற்றி, அம்பு பழையபடி முட்டையின் நீளத்திலேயே நின்றுவிட்டது. துளைச் சுவரின் படங்களைத் திறந்து சரிபார்த்தாள். மனுஷன் சொன்னது உண்மைதான். அதற்குமேல் நாற்காலியில் உட்கார முடியவில்லை. நின்றபடியே மேற்கு அம்புகளை ஒவ்வொன்றாகக் கால் சுற்று திருப்பினாள். கடைசி அம்பும் திரும்பியதும் கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை எல்லாம் ஒரே வரிசையில் நின்றன.

"சார், ஓடி வாங்க! மொத்தக் கண்டமும் ஒரே திசையில நெருக்கப்படுது!"

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அச்சுக்கு அனுப்பு! ஆமா, எங்கம்மா தப்பு நடந்துச்சு?"

"அது வீட்டு விஷயம் சார்."

அவர் போனதும் மறுபடி கணவரைக் கூப்பிட்டாள்.

"நம்ம துளையெல்லாம் மேப்ல ஏறிடுச்சுங்க. இனிமே என்மேல பாசம் வந்தா பாத்திரம் கழுவுங்க. திசையத் தொடாதீங்க."