தெரணியகலைக்கு மேலே துரை மண்டபம்

பழைய இயந்திரங்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம். கொழும்பில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். லீவு கிடைத்தால் துருப்பிடித்த எதையாவது தேடிக்கொண்டு போவேன். தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீர்ச்சக்கரம் வைத்து அந்தப் பக்கத்தின் முதல் தேயிலைத் தொழிற்சாலையை ஓட்டிய வெள்ளைக்கார முதலாளிக்கு மண்டபம் கட்டிச் சிலை வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். போன ஒக்டோபரில் இரண்டு நாள் லீவு சேர்ந்து வந்தது. மழைக்காலம் என்று தெரிந்தும் கிளம்பினேன். வெளியாள் உள்ளே போக அனுமதி வேண்டுமாம். தோட்ட அலுவலகத்துக்கு போன் செய்து, கொழும்பிலிருந்து வருகிறேன், கல்லூரியில் வேலை என்று சொல்லிவைத்தேன்.

விடியற்காலை பஸ்ஸில் அவிசாவளைக்கு இரண்டு மணி நேரம். அங்கிருந்து தெரணியகலைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் வளைவுகளும் மழையுமாக ஒன்றரை மணி நேரம் எடுத்தது. நின்றுகொண்டே போனதால் முழங்கால் விட்டுப்போயிற்று. பஸ் ஸ்டாண்டில் நிசாம் என்ற திரீவீல்காரர் தோட்டத்துக்கு ஆயிரத்து எண்ணூறு கேட்டார். பேரம் பேசத் தெம்பில்லை.

“இந்த மழைக்கு மேல போய் என்ன செய்யப் போறீங்க சேர்? அங்க ஒரு சிலைதானே ஈக்கி.”

“அதைப் பாக்கத்தான் நானா” என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். மண் சரிந்து பாதை உடைந்திருந்த இடத்தோடு அவர் பயணம் முடிந்தது. மீதி இரண்டு கிலோமீட்டர் ஏற்றம், நடை. சப்பாத்துக்குள் அட்டை ஏறியதைக் குனிந்து பார்க்கக்கூட அலுப்பாக இருந்தது.

மண்டபம் ஒரு பாறை மேட்டில் இருக்கிறது. நான்கு கருங்கல் தூண்கள், மேலே தகரக் கூரை, நடுவில் மார்பளவுச் சிலை, பீடத்தில் ஒரு சக்கரம் செதுக்கியிருக்கிறது. சிலைக்குப் புது மாலை. தரையைக் கழுவியிருந்தார்கள். குடையோடு காத்திருந்த தோட்டத்துக் கிளாக்கர் ஓடி வந்தார்.

“சேர் வர்றீங்கன்னு காலையிலயே எல்லாம் ரெடி பண்ணிட்டோம்.”

உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. படம் எடுக்க ஆரம்பித்தேன். ஒரு தூணின் அடியில் அடுப்புக் கரி. இன்னொன்றில் புதிதாக அறுத்த கயிற்று முடிச்சு. இதென்ன என்று யோசித்தபடி மேட்டின் ஓரத்துக்கு வந்து கீழே பார்த்தேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஒரு நீலத் தறப்பாளைத் தலைக்குமேல் கையால் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பானை, பாய், மூட்டைகள் எல்லாம் நனைந்துகொண்டிருந்தன.

“யார் இவங்க?”

“சும்மா, லயத்து ஆளுங்க சேர்” என்றார் கிளாக்கர்.

அதற்குள் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு பாதி தூரம் ஏறி வந்துவிட்டார். பெயர் புஷ்பம், கொழுந்து பறிப்பவர் என்று பிறகு தெரிந்தது.

“பாத்து முடிஞ்சுதுங்களா சேர்? முடிஞ்சா சொல்லுங்க, நாங்க மேல வரணும். புள்ளைக்குக் காய்ச்சல்.”

அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. இனி அங்கே இருக்கக் கூடாது என்று வந்து பார்த்த அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். ஸ்கூலில் தங்கியிருந்தார்கள், வகுப்புகள் தொடங்கியதும் அங்கிருந்தும் கிளம்ப வேண்டியதாயிற்று. சரியாத தரை என்று மிச்சமிருந்தது இந்தப் பாறைதான். மூன்று குடும்பங்கள், மூன்று வாரமாக மண்டபத்தில்.

“அப்ப இன்னைக்கு ஏன் எறங்கினீங்க?”

“நீங்க வர்றீங்கன்னுதான் சேர். கொழும்புல இருந்து பெரிய ஆள் வர்றாரு, ஒரு நாளைக்குக் காலி பண்ணுங்கன்னாங்க.”

குழந்தையின் கன்னம் காய்ச்சலில் சிவந்திருந்தது. இவர்களை உடனே மேலே வரச் சொல்லுங்கள் என்றேன். கிளாக்கர் கையைப் பிசைந்தார். “தொரை மூணு மணிக்கு உங்களைப் பாக்க வர்றார். அதுவரைக்கும் கீழ இருக்கட்டும் சேர். என் வேலைக்கு ஆபத்து.”

“நான்தான் கூப்பிட்டேன்னு சொல்லிக்கிறேன். அவ்வளவு நேரம் அந்தப் புள்ளை மழையில இருக்க முடியாது.”

அவர் என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குடையை மடக்கி வைத்துவிட்டு, கீழே இறங்கி ஒரு மூட்டையைத் தானே தூக்கினார். நானும் இறங்கினேன். சேறு வழுக்கி இரண்டு தடவை உட்கார்ந்தேன். தறப்பாளைத் தூண்களில் இழுத்துக் கட்டினேன். அன்று முழுக்க நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

தோட்ட மேனேஜரான துரை சொன்ன நேரத்துக்கு முன்பே ஜீப்பில் வந்துவிட்டார். முப்பது வயதுச் சிங்கள இளைஞர். சிலையின் பீடத்தில் சாய்த்து வைத்த பாய்களைப் பார்த்ததும் முகம் இறுகியது. என் அரைகுறைச் சிங்களத்தில் விளக்கத் தொடங்கினேன். புஷ்பம் என்னை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

“மஹத்தயா, ளமயாட்ட உண” என்றார். பிள்ளைக்குக் காய்ச்சல். அதன் பிறகு தங்கு தடையில்லாத சிங்களத்தில், இந்த மேட்டையொட்டி இருக்கும் நிலத்தை வீடு கட்டக் கொடுங்கள், எழுதிக் கொடுத்தும் பதில் இல்லை, இன்று இறங்கியதுபோல இனி இறங்க மாட்டோம் என்றார். குரல் உயரவே இல்லை.

துரை குழந்தையின் நெற்றியைத் தொட்டார். “நிலத்தைப் பற்றி மேலிடம்தான் சொல்ல வேண்டும். அதுவரை இங்கேயே இருக்கட்டும்” என்று கிளாக்கரிடம் சொல்லிவிட்டு, தாயையும் பிள்ளையையும் ஜீப்பில் தெரணியகலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தோட்டத்துக்குள் சுற்றுப்பாதை ஒன்று இருந்தது. அதே ஜீப்பில் நானும் இறங்கினேன். வழியெல்லாம் குழந்தை என் ஈரச் சட்டையில் சாய்ந்து தூங்கியது. எனக்கும் அப்படித் தூங்கினால் போதும் என்றிருந்தது.

ஒரு வாரம் கழித்து புஷ்பத்தோடு போனில் பேசினேன். காய்ச்சல் விட்டுவிட்டது. நிலத்துக்குப் பதில் வரவில்லை. “ஆனா யாரும் எறங்கச் சொல்லல சேர்” என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: தெரணியகலையில் காலை பத்து மணிக்குள் இருங்கள், பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கடை இல்லை. ஆனால் இப்போது போகாதீர்கள். அந்தக் குடும்பங்களுக்கு வீடு கிடைத்த பிறகு போங்கள். சிலைக்கு அவசரம் எதுவும் இல்லை.